கோட்டுக்கு ஐந்து நட்சத்திரம்

அடுத்தவர் வேலை தேடிப் போவதற்கான தாளை எழுதிக்கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. பயோடேட்டா அக்கா என்று கேட்டால் தெருவில் யாரும் மாடியைக் கை காட்டுவார்கள். தானும் எழுதி வாங்கினேன் என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

வந்தவரை எதிரே உட்காரவைத்து, "நேத்து ஆபீஸ்ல என்னென்ன பண்ணீங்க, அதச் சொல்லுங்க" என்பாள். அவர் உளறிக்கொட்டுவதிலிருந்தே ஒரு நல்ல ஆளைத் தேற்றி நிறுத்துவாள். வேலை கிடைத்ததோ இல்லையோ, அந்த மகராசன் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

இப்போதெல்லாம் போனைத் தடவி, நாலு பேர் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தானே படியேறுகிறார்கள்? அவள் கடைப் பெயருக்குக் கீழே ஒரு வரிகூட இல்லை. கடை ஈ ஓட்டியது. மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான் போல.

ஊரார் கிடக்கட்டும், கூடப் பிறந்தவன் இருக்கிறானே என்று தம்பியைக் கேட்டாள். அவன் மேனேஜர் ஆனதே அவள் எழுதிய தாளில்தான்.

"உன் பேரப் போட்டு ரெண்டு வரி எழுதுடா."

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்லக்கா."

பிள்ளைக்குக் கூச்சம் என்று நம்பினாள்.

ஒருநாள் கீழ்க்கடை டெய்லர் பெருமையாகப் போனை நீட்டினார். "உங்க தம்பி நமக்கு அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காரு, பாருங்க." தம்பியின் பெயர், பல்லைக் காட்டும் படம். இவர் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன், வேலை கிடைத்தது என்று எழுதியிருந்தான்.

அந்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள்.

அந்த வாரமே அவன் மாடியேறி வந்தான். "பெரிய கம்பெனில எடம் இருக்குக்கா. புதுசா ஒண்ணு எழுதிக் குடேன்."

"கோட்டு நீ தைக்கலன்னு ஊருக்குத் தெரியலாம். நான் எழுதினது மட்டும் தெரியக்கூடாதோ?"

"கோட்டு மேல போட்டுக்கறதுதானேக்கா. நீ எழுதினத, நானே எழுதினேன்னு சொல்லியில்ல அங்க உக்காந்திருக்கேன்."

"நீ சொன்னதத்தானேடா எழுதினேன்? பொய்யா எழுதினேன்?"

அவள் கீபோர்டை ஓரமாகத் தள்ளினாள்.

"ரெண்டு வரி போடு. அப்புறம் எழுதறேன்."

அங்கேயே உட்கார்ந்து போட்டான். அவள் எட்டிப் பார்த்தாள். ஐந்து நட்சத்திரம், வாயாரப் புகழ்ச்சி. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'நலம் விரும்பி'. முகத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ. ரோஜாப்பூவை நம்பி யார் படியேறுவார்கள்?

கம்ப்யூட்டரை அணைத்தாள்.

"டெய்லர் கீழதான் இருக்காரு. அவரையே எழுதித் தரச் சொல்லு."