சீன மருந்துக் கடையில் நான் சொன்ன ‘நோ’

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான பொருளுக்குக் கிளிசிரைசின் என்று பெயர். பிரசர் உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது. மருந்தியல் வகுப்பில் இதைக் கேட்ட அன்று நான் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அந்த ‘நோ’ சொன்னபோது எனக்குப் பத்து வயது. சிட்னியின் வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு வந்த மாமா, அம்மாவின் தம்பி, ஹரிஸ் பார்க்கில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். கோழி பக்டரியில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருடம் சும்மா கிடந்த கைகளுக்கு வேலை வந்துவிட்டதென்று மனிசனுக்குப் பெரிய சந்தோசம். அதற்குள் பாழாய்ப்போன இருமல் பிடித்துக்கொண்டது. சுகமாகாமல் இறைச்சி வெட்ட வரக்கூடாது என்று சுப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிட்டார்.

கப்ரமாட்டாவில் ஒரு சீன மருந்துக் கடைக்கு, இங்கிலீஷ் கதைக்க என்னைக் கூட்டிப்போனார். கடைக்காரப் பெண் நாடி பிடித்தாள், நாக்கைப் பார்த்தாள். பிறகு, இவருக்கு பிளட் பிரசர் உண்டா என்று என்னிடம் கேட்டாள்.

மாமா தினமும் பிரசர் குளிசை போடுவது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. “வெளியிலை ஆர் கேட்டாலும் ஒரு நோய் வருத்தமும் இல்லையெண்டு சொல்லவேணும். விசா அலுவல், விளங்குதோ?” என்று அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தார். டக்கென்று “நோ” என்றேன்.

அவள் தந்த வேர்ச் சீவலில் ஒன்றை வாயில் போட்ட மாமா, “அட, எங்கடை அதிமதுரம்!” என்று சிரித்தார். தெரிந்த சாமான் என்றதும் பயம் போய்விட்டது. இருமல் நின்று வேலைக்குப் போன பிறகும், திரும்பத் திரும்ப வாங்கி இரண்டு மாதம் தேத்தண்ணி மாதிரி அவித்துக் குடித்தார். கால் வீங்கியதற்கு, நின்று வேலை செய்வதுதான் காரணம் என்றார்.

ஒருநாள் காலை குசினியில் அவர் கையிலிருந்த கோப்பை விழுந்தது. வலது கை அதற்குப் பிறகு சரியாக எழும்பவேயில்லை. பக்டரியும் அத்தோடு சரி.

ஆஸ்பத்திரியில் பாரிசவாதம் என்றார்கள். என்ன மருந்து குடித்தவர் என்று விசாரித்தபோது, “கடையிலை நீ என்னடி சொன்னனீ?” என்று அம்மா என்மேல் பாய்ந்தார். மாமா குழறிய வாயால் மறித்தார். “அக்கா, பிள்ளையைப் பேசாதேங்கோ. நான்தான் இல்லையெண்டு சொல்லச் சொன்னனான்.”

அவர் அப்படிச் சொல்லவேயில்லை. தப்பித்தேன் என்று நான் மூச்சு விட்டேன், வெட்கம் கெட்டவள்.

பிரசர் என்ற சொல் விளங்காத தமிழர் உண்டா? அன்று கடையில் மாமா என் பக்கத்திலேயே நின்றார். நான் “நோ” என்றதும் தோளில் தட்டினார். பொய்யென்று தெரிந்தும், அவள் மறுபடி கேட்கமுதல் காசை எடுத்து நீட்டினார். எனக்கோ, கெட்டிக்காரி என்று தட்டுகிறார் என ஒரே புழுகமும் பெருமையும்.