காய்ச்சலுக்குக் கட்டிய கயிறு
எந்த டாக்டருக்கும் பிடிபடாத காய்ச்சலைப் பிடித்தவன் நான்; படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. என் மகளுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும், தானாகவே விடும். ஏரியில் நாங்கள் மீனவர்கள் முறைவைத்து வலைபோடுவோம்; இரண்டு தடவை என் முறைநாளில் காய்ச்சல் வந்ததால், மற்றவர்களின் கண்ணேறு என்று முறையையே விட்டுக்கொடுத்தேன். அப்போதும் வந்தது. அதன்பின் வலைக்கயிற்றில் நாளுக்கொரு முடிச்சு போட்டேன். காய்ச்சல் நாளில் சிவப்பு நூல். வயிற்றுவலியும் சேர்ந்தால் கறுப்பு.

கயிற்றைப் பார்த்துப் பொன்னேரி டாக்டர் சிரித்தார். "இன்னாய்யா, மாலையா?"

"பொண்ணோட காய்ச்சல் சார். எண்ணிப் பாருங்க."

எண்ணியவர் சிரிப்பை நிறுத்தினார். "சிவப்பு முறைவெச்சு வருது. கறுப்பு நடுவுல பூந்துக்குது. ரெண்டு காய்ச்சல் கலந்திருக்கும் போலய்யா. பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், கயித்தையும் எடுத்துட்டுப் போ."

பஸ்ஸில் மகள் அனலாய் என் மடியில் கிடந்தாள். அன்றைய முடிச்சை அவளே போட்டு, "நைனா, சிவப்பு நூல் குடு" என்றாள்.