கேட்காமல் எழுதிய ஒரு வரி

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம், சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். வீடு வேலணையில். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதிப் பாதையைக் கடந்து எட்டு மணி வகுப்புக்குப் போய்விடலாம். அதைத் தவறவிட்டால் வகுப்பில் பின்கதவால்தான் நுழைய வேண்டும்.

எங்கள் பாடத்தில் இருபத்தாறு பேர். நான்தான் பிரதிநிதி. இரண்டாம் வருடத்திலிருந்தே அந்த வேலை என் தலையில்தான். விரிவுரையாளர் சொல்வதை மற்றவர்களுக்குச் சொல்வது, பட்டியல் எழுதுவது, பஸ் பிடிப்பது எல்லாம் நான்தான். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வருடக் கள ஆய்வுக்கு நெடுந்தீவு என்று முடிவாயிற்று. இரண்டு நாள் அங்கே தங்கி, குடிநீர், போக்குவரத்து, பிள்ளைகளின் படிப்பு பற்றி வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். போகிறவர்களின் பட்டியலை நான் தயாரித்தேன்.

எங்களுடன் கண்பார்வை இல்லாத மாணவி ஒருத்தி படித்தாள். முன் வரிசையில் இடது பக்க ஓரக் கதிரைதான் அவளுடைய இடம். கைத்தொலைபேசியை மேசையில் வைத்து விரிவுரையைப் பதிவு செய்வாள். அந்தப் போன் அவளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் வேகத்தில் எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. நான் அவளோடு நல்ல மாதிரித்தான் நடந்துகொண்டேன். கண்ட இடத்தில் கையைப் பிடித்து வீதி கடக்க விடுவேன். தேநீர் வாங்கிக் கொடுப்பேன். ஆனால் இரண்டு வருடத்தில் அவளோடு உட்கார்ந்து ஒரு கதை கதைத்ததில்லை. அது அப்போது எனக்குத் தெரியவும் இல்லை.

பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ஒரு வரி எழுதினேன்: ‘கண்பார்வை இல்லை. படகுப் பயணம் பாதுகாப்பில்லை. வீட்டிலிருந்து எழுத வேறு ஒப்படை கொடுக்கலாம்.’ ஒரு பிரதி விரிவுரையாளருக்கு, ஒரு பிரதி மாணவர் உதவி அலுவலகத்துக்கு. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

உதவி அலுவலகம் என்பது மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. பேசும் கணினி இரண்டு, பிரெயில் அச்சடிக்கும் இயந்திரம் ஒன்று, பொறுப்பாக ஓர் அக்கா. நடக்க ஏலாத பிள்ளைக்குக் கீழ்த்தளத்தில் வகுப்பு மாற்றிக் கொடுப்பது, காது கேளாத பிள்ளைக்குக் குறிப்பெழுத ஆள் பிடிப்பது எல்லாம் அவர்தான். மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டார். என் பட்டியல் அவர் மேசையில் இருந்தது.

“தங்கச்சி, இதை எழுத முதல் அந்தப் பிள்ளையைக் கேட்டனீரோ?”

“இல்லையக்கா. கடல்தானே, பயமெண்டு…”

“ஆருக்குப் பயம்?”

அவர் ஏசவில்லை. பட்டியலை என் கையில் திருப்பித் தந்து, “போய்க் கேட்டுப்போட்டு வாரும். அதுக்குப் பிறகு இதை வாங்கிறன்” என்றார்.

அவள் நூலகத்துக்கு வெளியே சீமெந்து வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் இருந்து, நான் இன்னார் என்று சொன்னேன். நெடுந்தீவுக்குப் போகிறோம், உமக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன் என்று இழுத்தேன்.

“என்ன கஷ்டம்?” என்றாள்.

“படகு… ஜெற்றியிலை இறங்கி ஏறவேணும். பிறகு முன்னப் பின்னத் தெரியாத ஊர்.”

அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டுச் சிரித்தாள். “என்ரை வீடு எங்கையெண்டு தெரியுமோ உமக்கு?”

“இல்லை.”

“நெடுந்தீவு.”

ஒவ்வொரு விடுமுறைக்கும் அவள் அந்தப் படகில்தான் வீட்டுக்குப் போய் வருகிறாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அப்படித்தான். நானோ வேலணையில் பிறந்து வளர்ந்தும் ஒரு நாளும் அந்தப் படகில் கால் வைத்ததில்லை. எங்கள் தீவுக்குத்தான் பஸ் போகிறதே.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய சிரிப்பு அடங்கிவிட்டது. “முதல் வருஷமும் எனக்கு வேறை ஒப்படைதான் தந்தவை. போன வருஷமும் அதுதான். நீங்கள் எல்லாரும் போட்டு வந்து ஒரு கிழமை அந்தக் கதைதான் கதைச்சியள். நான் புத்தகத்தைக் கேட்டு எழுதினனான். போன வருஷ லிஸ்ற்றும் நீர்தானே எழுதினனீர்?”

ஓம் என்றேன். போன வருடம் அவள் பெயரை விட்டது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. அதுதான் இன்னும் கேவலம்.

அவள் பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்தாள். சமூகவியலை விட்டு, களவேலை இல்லாத வேறு பாடத்துக்கு மாற அனுமதி கேட்டு எழுதியது. நாளைக்குக் கொடுக்க வைத்திருக்கிறாளாம். மூன்றாம் வருடத்தில் பாடம் மாறினால் ஒரு வருடம் பின்னுக்குப் போகும். சில நேரம் அதற்கும் விடமாட்டார்கள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

“எனக்குக் கோபமில்லை” என்றாள். “எல்லாரும் எனக்கு நல்லதுதான் செய்யினம். ஆனா ஒருதரும் என்னட்டைக் கேக்கினமில்லை.”

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது சரியாக நினைவில்லை. “வாறீரோ?” என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. அவள் உடனே ஓம் என்று சொல்லவில்லை. கைத்தடியை இரண்டு தரம் மடித்து விரித்துவிட்டுத்தான் சொன்னாள். பிறகு, உமக்கு என்ன வேணும் என்று கேட்டேன். இரண்டு விஷயம்தான் கேட்டாள். கேள்விக்கொத்து இரண்டு நாளைக்கு முன்பே போனுக்கு வர வேண்டும். தெரியாத ஒழுங்கைகளில் தரை எப்படி இருக்கிறது என்று ஆராவது வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். உதவி அலுவலகத்து அக்கா அன்று பின்னேரமே விரிவுரையாளரோடு கதைத்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார். நான் பட்டியலைப் புதிதாக எழுதினேன்.

“கடிதம்?” என்று கேட்டதற்கு, “நெடுந்தீவுக்குப் போட்டு வந்து யோசிப்பம்” என்றாள்.

போகும் நாள் நான் வேலணைச் சந்தியில் எங்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவானுக்குப் போனபோது இறங்குதுறை நிறையச் சனம். ஒரு பக்கம் நயினாதீவுக்குப் போகிற கூட்டம், மறுபக்கம் நெடுந்தீவுப் படகுக்கு மா மூட்டை, முட்டைத் தட்டு, சைக்கிள் என்று சாமான்களோடு நிற்கும் ஆட்கள். காற்று அன்று கொஞ்சம் பலம். படகு ஏறி ஏறி இறங்கியது.

அங்கேதான் நான் இரண்டாவது பிழையைச் செய்தேன். அவள் படகின் விளிம்பைக் கைத்தடியால் தொட்டுப் பார்த்து, காலை எடுத்து வைக்கப்போன நேரம், நான் பயத்தில் அவளுடைய மேல்கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கணக்குப் பிசகிவிட்டது. வலது கால் படகுக்கும் துறைக்கும் நடுவே போயிற்று. ஒரு கணம்தான். படகோட்டி அண்ணை பாய்ந்து அவளுடைய இடுப்புப் பட்டியில் பிடித்து உள்ளே தூக்கிவிட்டார். அடுத்த அலையில் படகு துறையோடு மோதிய சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது. அந்தக் கால் அங்கே இருந்திருந்தால்!

“பிள்ளையை ஏன் பிடிச்சு இழுக்கிறியள்? அவ தன்ரை பாட்டிலை இறங்குவா. சின்னனிலையிருந்து பாக்கிறன்” என்று அண்ணை சத்தம் போட்டார். அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்:

“இனி நீர் என்னைப் பிடிக்காதையும். தேவையெண்டா நான் உம்மைப் பிடிக்கிறன்.”

சொல்லிவிட்டு என் முழங்கைக்கு மேலே இலேசாகப் பிடித்து, ஆசனத்துக்கு என்னை நடக்கச் சொன்னாள். எவ்வளவு சுலபம்! இரண்டு வருடம் இந்தப் பெண்ணை வீதியில் மூட்டை மாதிரி இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கடலில் எனக்குத் தலை சுற்றி இரண்டு தரம் சத்தியெடுத்தேன். அவள் ஒரு தேசிக்காயைக் கையில் தந்து மணக்கச் சொன்னாள். “வேலணை ஆக்கள் கடலுக்குச் சரிவராது” என்றாள். அந்த ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் கதைத்தது அதற்கு முன் இரண்டு வருடத்தில் கதைத்ததைவிட அதிகம். அவளுக்கு எட்டு வயதில் பார்வை மங்கத் தொடங்கியிருக்கிறது. தகப்பன் கடற்தொழில். அவளுக்கு மீன் பொரியல் பிடிக்காது. எங்கள் வகுப்பில் ஆர் ஆரை விரும்புகிறார்கள் என்பதெல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நெடுந்தீவுத் துறையில் அவளுடைய தாய் வந்து நின்றார். ஓடி வந்து மகளைப் பிடிப்பார் என்று நினைத்தேன். இல்லை. பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கினார். நடந்தபடியே வாய் ஓயாமல் கதை. ஆடு குட்டி போட்டது, கிணற்றில் தண்ணீர் உவர்ப்பது, அயல்வீட்டுக் கலியாணம் என்று ஒன்றும் மிச்சமில்லை. சரியான வாய்க்காரி என்று மனதுக்குள் சிரித்தேன். பிறகுதான் பார்த்தேன். தாயின் குரல் போன வழியில், கல் வேலியில் முட்டாமல், மகள் சும்மா கைவீசி நடந்துகொண்டிருந்தாள்.

பின்னேரம் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து வீடுகளுக்குப் போனோம். அவளோடு போக நான்தான் முதலில் கை உயர்த்தினேன். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். “நீர் கனக்க உதவி செய்வீர்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டாள். நாங்கள் நின்ற வீட்டுக்கு எதிர் ஒழுங்கையில் குழாய் பதிக்கப் புதிதாகக் கிடங்கு வெட்டியிருந்தார்கள். அந்தப் பையன் பின்னால் ஒரு வீட்டு வாசலில் எழுதிக்கொண்டு நின்றான். கைத்தடி அதில் இறங்கியதும் அவள் நின்று, “இது முந்தி இஞ்சை இல்லை. ஆராவது ஒருக்கா வாங்கோ” என்று உரத்துக் கூப்பிட்டாள். சாப்பாட்டில் உப்புக் கேட்பது போல, அவ்வளவு சாதாரணமாக. உதவி கேட்பவர் கூனிக் குறுகி நிற்பார் என்று நான் எங்கிருந்து படித்தேனோ தெரியாது.

மறுநாள் மத்தியானம் எங்கள் எல்லோருக்கும் அவள் வீட்டில் சாப்பாடு. சோறும் நண்டுக் கறியும் முருங்கையிலை வறையும். நான் குசினிக்குள் போய்த் தட்டுக் கழுவினேன். தாய் என்னைப் பார்த்து, “நீங்களே பிள்ளை இவளையும் சேர்த்துக் கூட்டி வந்தது? ரெண்டு வருஷமா ஒரு சிநேகிதியையும் கூட்டி வரேல்லை. இவளுக்கு அங்கை ஆக்கள் இருக்கினமோ இல்லையோ எண்டு நான் யோசிச்சபடிதான்” என்றார். கண் கலங்கி இருந்தது.

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு வெளியே வர என்னால் முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவளைக் கேட்காமல் அந்த வரியை எழுதியது, போன வருடம் பெயரை விட்டது, படகில் இழுத்தது எல்லாவற்றையும். கரண்டியைக் கையில் பிடித்தபடி அவர் கேட்டுக்கொண்டு நின்றார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

“நானும்தான் பிள்ளை” என்றார் கடைசியில். “கண் போன பிறகு, கடல் தாண்டி விடுதியிலை விட்டுப் படிப்பிக்க எனக்கு மனமில்லை. ரெண்டு வருஷம் வீட்டுக்குள்ளை வைச்சிருந்தனான். அவளுக்கு நல்லதெண்டுதான் நினைச்சனான். ஒருநாள் விடிய எழும்பிப் பாக்கிறன், உடுப்பெல்லாம் தானே அடுக்கி, பையோடை வாசலிலை நிக்கிறாள். பத்து வயசு. ‘நான் போகட்டோ எண்டு நீங்கள் ஏனம்மா ஒருக்காலும் கேக்கேல்லை’ எண்டாள்.”

நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். வெளியே பிள்ளைகள் இரண்டாம் தரம் கறி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

திரும்பி வந்து ஒரு கிழமைக்குப் பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். கிழித்துவிட்டாளாம். எனக்காக ஒன்றுமில்லை, அவளுக்குச் சமூகவியல் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். நல்ல பெறுபேற்றோடு பட்டமும் எடுத்தாள். இப்போது ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். மாதத்தில் ஒரு தரமாவது போன் எடுத்து என்னைக் கேலி செய்யாவிட்டால் அவளுக்குச் சரிவராது.

நான் இப்போது ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஆருக்கு என்ன தேவை என்று முடிவெடுக்கிற வேலைதான் அதிகம். நெஞ்சில் கெட்ட எண்ணம் இருந்தால்தான் ஒருவரைத் தள்ளி வைப்போம் என்று முன்பு நினைத்திருந்தேன். நான் அவளைத் தள்ளி வைத்தது அன்போடுதான். ஒரு கேள்வி கேட்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை இரண்டு வருடமாக அவளுக்கு நான் கொடுக்கவில்லை என்பது, அவள் மன்னித்த பிறகும், எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.