ஒரு ஈ கூட இல்லை

நாமகிரிப்பேட்டை அருகே ஒரு கோழிப்பண்ணையில், கோழி எச்சத்திலிருந்து எரிவாயு எடுக்கும் கலனுக்கு நான் மேற்பார்வையாளன். அது எங்கள் திட்டத்தில் கொடுத்தது; ஆய்வில் தேறாவிட்டால் பண்ணைக்காரரிடமிருந்து கலனைப் பிரித்து எடுத்துவிடுவோம்.

"அதிகாரி வாராருங்க, சுத்தமா வெச்சிருங்க" என்று நான்கு நாள் முன்பே அவரிடம் போனில் சொன்னேன்.

அவர் கொட்டகை முழுக்கப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார். அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கலனுக்குள் போய், வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டது. ஆய்வன்று, அந்த வாயுவில் எரியும் அடுப்பு பற்றவில்லை.

"ஏனுங்க, ஒரு ஈயாச்சும் கண்ணுல படுதுங்களா?" என்றார் பண்ணைக்காரர், பெருமையாக.

"ஈ மட்டுமா போச்சு?" என்று சிரித்த அதிகாரி, காரணத்தை 'பயனாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்.

எதைப் போட்டுக் கழுவக்கூடாது என்று நான் பண்ணைக்காரருக்குச் சொன்னதே இல்லை. அதை அதிகாரியிடமும் சொல்லாமல் கீழே கையெழுத்திட்டேன்.