லக்கல வயல்களும் ஓர் அனுமதிக் கடிதமும்

அரசாங்க சேவையில் நான் முப்பத்துமூன்று வருடம் இருந்தேன். அதில் பெரும்பகுதி மாத்தளையில், ஓர் அலுவலகத்தின் பிரதம லிகிதராக. அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையில் எந்தப் பிரிவைக் கேட்டாலும் புத்தகத்தைத் திறக்காமல் சொல்வேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு.

எங்களோடு உக்குவளை முஸ்லிம் ஒருவர் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தார். யானை மிதித்த வயல்களைப் போய்ப் பார்த்து, நட்டஈட்டுக்கு அறிக்கை எழுதுவது அவர் வேலை. அவருடைய பகுதி லக்கல. காலையில் ஒரு பஸ். அதை விட்டால் மறுநாள்தான். இறங்கிய பிறகு மைல்கணக்கில் நடை.

எண்பதுகளின் கடைசியில் அவருக்கு நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்ட், வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியவரை, இரண்டு மாதத்துக்கு வீட்டை விட்டு அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுகயீன லீவை நான்தான் பதிந்தேன். ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

அவர் படுத்திருந்த நேரம் பார்த்து லக்கலவில் யானைகள் இறங்கின. உத்தியோகத்தர் வந்து பார்க்கும்வரை விவசாயி மிஞ்சிய நெல்லையும் அறுக்க முடியாது. அறுத்தால் சேதத்துக்குச் சாட்சி போய்விடும்.

மற்றொரு வெளிக்கள உத்தியோகத்தர், மாத்தளைக்காரர், என் மேசைக்கு வந்தார்.

"சேர், எங்கிட்ட மோட்டார் சைக்கிள் இருக்கு. அவரு சுகமாகி வர்ற வரைக்கும் லக்கலைய நான் பார்த்துக்கிறேன். எனக்கு ஒண்ணும் தர வேணாம்."

"அறிக்கையில யார் கையெழுத்து வைக்கிறது?"

"போறவன் நான்தானே? நானே வைக்கிறேன்."

"எந்த அதிகாரத்துல?"

"யானை என்ன, அதிகாரம் கேட்டுக்கிட்டா சேர் மிதிச்சது?"

அலுவலகமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஒருவருக்காக மற்றவர் பார்க்கும் பதில் கடமைக்கு அனுமதி கேட்டுக் கண்டியிலிருந்த மேலலுவலகத்துக்கு எழுதினேன். பிரிவு இலக்கத்தோடு, குறை சொல்ல முடியாத கடிதம். கிளர்ச்சிக்காரர்கள் சுவரில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினால் கடையும் பஸ்ஸும் தபாலும் ஒன்றாக நின்றுபோகும் நாட்கள் அவை. என் கடிதம் எங்கே கிடந்ததோ தெரியாது.

எனக்கும் நியாயம் இருந்தது. அனுமதியில்லாமல் போனவருக்கு வழியில் ஏதாவது நடந்தால் அவர் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது. தமிழ்ப் பெயருள்ள பிரதம லிகிதர்மேல் விசாரணை வைக்க அந்த வருடங்களில் பெரிய காரணமும் வேண்டியதில்லை. அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் "எந்த அதிகாரத்துல?" என்று கேட்டபோது எனக்குள் ஊறியது பயமல்ல, ருசி.

மூன்றாம் வாரம் லக்கல விவசாயிகள் மூன்று பேர் விசாரித்து விசாரித்து உக்குவளையில் அவர் வீட்டையே கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. மறுநாள் காலை அந்த ஒரே பஸ்ஸில் ஏறினார்.

நாலு நாள் கழித்து அறிக்கைகளோடு என் முன்னால் வந்து நின்றார். சட்டை, உடம்பில் போட்டதுபோல இல்லை, ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கியது.

"லீவுல இருக்கிறவர் வெளிக்களம் போகக் கூடாது. வேலைக்குத் திரும்புறதுன்னா டாக்டர் சான்றிதழ் வேணும்," என்றேன்.

"டாக்டர் தரமாட்டாரு சேர். நீங்கதான் கொஞ்சம் பார்த்துச் செய்யணும்."

பார்த்துச் செய்தேன். லீவுப் பதிவைத் திருத்தி, அவர் நாலு நாள் முன்னமே கடமைக்குத் திரும்பியதாக எழுதினேன். என் சேவையில் நான் செய்த ஒரே பொய்ப் பதிவு அது. எழுதி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடத்தை மூன்று வாரம் முன்பே செலவழித்திருந்தால், மோட்டார் சைக்கிள்காரர் போய் வந்திருப்பார். இவர் படுக்கையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்திருப்பார்.

அடுத்த வாரம் காய்ச்சல் திரும்பியது. இம்முறை லேசில் விடவில்லை. உயிர் தப்பினார், இரண்டு காதும் போய்விட்டன. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கண்டியிலிருந்து அனுமதி வந்தது. அந்தக் கடிதத்தை அலுவலகக் கோவையில் கோத்து வைத்தேன். வேறென்ன செய்வது?

பார்க்கப் போக எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் உக்குவளைக்குப் போனேன். அவர் மனைவி வாசலில் நின்று, "வாங்க சேர். பேசினா அவருக்குக் கேட்காது. எழுதித்தான் காட்டணும்," என்று பிள்ளையின் கொப்பி ஒன்றையும் பென்சிலையும் என் கையில் தந்தார்.

வாழ்நாளெல்லாம் எழுதிப் பிழைத்தவன் நான். பென்சிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். அவர் காத்திருந்தார். கடைசியில் "சுகமா?" என்று எழுதி நீட்டினேன்.

தன் குரல் தனக்கே கேட்காததால் அவர் சத்தமாகச் சொன்னார்: "அல்ஹம்துலில்லாஹ், சுகம் சேர்! மிச்சத்தையும் எழுதுங்க."

கொப்பியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கைக்கடிகாரத்தைக் காட்டினேன்.