வரப்போரத்து ஹெல்மெட்

நேற்று சாயங்காலம் நீங்கள் மூன்று பேரும் கொல்லை ஓரத்தில் நின்று, அந்தக் காவல் பொம்மையின் ஹெல்மெட்டுக்குள் யார் கையை விடுவது என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் சின்னவள்தான் விட்டாள். நான் ஓடிவந்து, "உள்ள ஈரமா கீதா, காஞ்சிபோய் கீதா?" என்று கேட்டதும் மிரண்டு போனீர்கள். "காஞ்சிதாம்பா கீது" என்றாள் அவள். ஏன் இப்படி ஓடிவந்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள், நான் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் அப்பன் நான், எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். வாயால் சொன்னால் குழறிவிடும் என்று எழுதி வைக்கிறேன். பயமுறுத்துவதற்காக இல்லை. பார்த்ததை மட்டும்தான் எழுதுகிறேன்.

அந்த ஹெல்மெட் உங்கள் அத்தையுடையது. என் கூடப் பிறந்த தங்கச்சி. மலைமேல் நம்ம கரியாலூரிலிருந்து கீழே கள்ளக்குறிச்சிக்குப் போய் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது ஹாக்கி ஆட ஆரம்பித்தாள். கோலில் நிற்க யாரும் முன்வரவில்லை. எல்லாருக்கும் அடிக்கத்தான் ஆசை, அடிவாங்க யாருக்கு வரும்? இவள் நின்றாள். மாநிலத்துக்கு நின்றாள், அப்புறம் நாட்டுக்கே நின்றாள். கொரியா, ஜப்பான் என்று நாம் வரைபடத்தில் விரல் வைத்துத் தேடும் ஊர்களில் எல்லாம் அவளுடைய கால்தடம் இருக்கிறது. நாட்டு அணியில் புதுச் சாமான்கள் கொடுத்ததும் பழையதை மூட்டை கட்டி வீட்டில் கொண்டுவந்து போட்டாள். மெத்தை மாதிரித் தடித்த இரண்டு கால்காப்புகள், ஒரு மார்க்கவசம், முகத்துக்குக் கம்பி வைத்த ஹெல்மெட். ஹெல்மெட்டின் பின்பக்கத் தகடு உடைந்து ஓட்டையாக இருந்தது.

அந்த வருஷம் மரவள்ளியைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுகொண்டிருந்தது. நான் நாலு கழியை நட்டு, அத்தனையையும் அதில் மாட்டி வரப்போரத்தில் நிறுத்திவிட்டேன். மார்கழிப் பனியில் கழி தெரியாது, கொல்லை தெரியாது. முகமில்லாத ஒருத்தி கால் அகட்டி நிற்பது மட்டும் தெரியும். எங்கள் பக்கம் புதுச் சாமைக் கதிரைக் காவல் தெய்வத்துக்குத்தான் முதலில் வைப்போம். பக்கத்துக் கொல்லைப் பெரியம்மா பனியில் இதைப் பார்த்துவிட்டு, நான் புதிதாகக் காவல் சாமி வைத்திருக்கிறேன் என்று நினைத்து, கதிரை ஹெல்மெட்டில் செருகி, கம்பியில் குங்குமம் வைத்துவிட்டார். அது பொம்மை என்று சொன்னேன். "பொம்மையோ இன்னாவோ, நான் கும்பிட்டாச்சி. வெள்ளாம வூடு வர்ற வரைக்கும் அவுக்கக் கூடாதுடா" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் அத்தை பெட்டியோடு வந்து இறங்கினாள். பொம்மையைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாண்ணா, உசுரோட கீறப்பவே என்ன சாமி ஆக்கிட்டியா?" என்றாள். அந்தச் சிரிப்பு அதோடு சரி. பயிற்சிக் கேம்ப்பில் ஒரு பந்து கழுத்தில் பட்டு மயங்கி விழுந்திருக்கிறாள். கருங்கல் மாதிரிப் பந்து அது. காயம் ஆறிவிட்டது. ஆனால் அதிலிருந்து பந்து வரும்போதெல்லாம் கண் தானாக மூடிக்கொள்கிறதாம். கண்ணை மூடுகிறவளை யார் கோலில் நிறுத்துவார்கள்? தை மாசத் தேர்வில் சரியாக நின்றால் அணி, இல்லையென்றால் அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டு நாள் சோறே இறங்கவில்லை அவளுக்கு.

மூன்றாம் நாள் விடிந்ததும் கொல்லைக்கு என்னைக் கூப்பிட்டு, கையில் ஒரு ஹாக்கிப் பந்தைக் கொடுத்தாள். பொம்மைக்குப் பின்னால் போய் நின்று, உடைந்த ஓட்டை வழியாக ஹெல்மெட்டுக்குள் முகத்தைக் கொடுத்தாள். "எறிண்ணா" என்றாள். நான் பத்தடி தள்ளி நின்று நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை நாள் வெறுமையாக இருந்த கம்பிக்குள் இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. தங்கச்சி கண்தான், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கை எழவில்லை. "எறிண்ணான்றேன்! எனக்கு முன்னாடி அவ நிக்கிறா இல்ல? அவ மூட மாட்டா. நானும் மூடக் கூடாது." எறிந்தேன். மார்க்கவசத்தில் 'தொம்'மென்று பட்டது. கண்கள் மூடின. மறுபடி எறிந்தேன். பனி பெய்த இருபது காலைகள் இப்படியே போயின. இருபதாம் நாள் கம்பியிலேயே பட்டது. கண்கள் மூடவில்லை. முகத்தை எடுத்த பிறகு நான் ஹெல்மெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே இருந்த ஸ்பாஞ்சு முழுக்க அவள் வியர்வை.

தேர்வில் நின்றாள், அணியில் சேர்ந்தாள். அறுவடை முடிந்தும் பொம்மையை அவிழ்க்க எனக்கு மனசு வரவில்லை.

சித்திரையில் ஜப்பானில் ஆட்டம். நமக்கு உச்சிவெயில். செல்போனில் நானும் உங்கள் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆட்டம் சமன். இனி எதிரணிப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பந்தோடு வருவார்கள், எதிரே உங்கள் அத்தை ஒருத்திதான். அந்த நேரம் பார்த்து டவர் போய்விட்டது. மேட்டில் டவர் கிடைக்கும் என்று கொல்லைப் பக்கம் ஓடினேன். பொம்மைக்கு எதிரே வந்ததும் ஏனோ கால் நின்றுவிட்டது. கிட்டே போய்க் கையை உள்ளே விட்டேன். மழை கண்டு ஒரு மாசமாகிறது, ஓணான்கூட நிழல் தேடும் வெயில். ஸ்பாஞ்சு நனைந்திருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. கையை உருவிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து, பத்தடி தள்ளி நின்றேன். கம்பிக்குள் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

சாயங்காலம் அவளே போனில் பேசினாள். ஜெயித்துவிட்டார்கள். "கண்ணே மூடலண்ணா" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். மத்தியானம் நீ கொல்லையில நின்னுகினு இருந்தியா? பந்து வர்றப்ப கம்பிக்கு அந்தாண்ட நம்ம வரப்பு தெரிஞ்சிது. நீ கையைத் தொடச்சிகினு நின்ன" என்றாள். "வெயில்ல எவன் கொல்லைக்குப் போவான், போ" என்றேன். அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் ஆடினாள். ஆட்டம் உள்ள நாளெல்லாம் கையை விட்டுப் பார்ப்பேன். எல்லா நாளும் ஈரம். பயந்துகொண்டேதான் பார்ப்பேன். அப்புறம் முட்டி தேய்ந்து ஆட்டத்தை விட்டாள். இப்போது ரயில்வேயில் வேலை, பொங்கலுக்கு வருகிறாள், உங்களோடு பல்லாங்குழி ஆடுகிறாள்.

அவள் ஆட்டத்தை விட்ட நாளிலிருந்து ஸ்பாஞ்சு காய்ந்தே கிடக்கிறது. பனி கொட்டும் மார்கழியில்கூட அது நனைவதில்லை. நேற்று நான் ஏன் ஓடிவந்தேன் என்று கேட்டீர்களே, ஈரத்துக்குப் பயந்து இல்லை. ஈரமாக இருந்த நாளில் அங்கே நின்றது உங்கள் அத்தை என்று எனக்குத் தெரியும். பனியில்கூட நனையாமல் இப்போது நிற்பது யார் என்று தெரியாது. காய்ந்திருக்கிறது என்று சின்னவள் சொன்னபோதுதான், கம்பிக்குள் நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.