அண்ணர் கட்டிவைத்த தாளம்

எங்கள் அன்பு அண்ணர் ஆண்டவரில் துயில்கொண்டு ஓர் ஆண்டு ஆகிவிட்டது. நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தா என்றார்கள். ஒரே வீட்டில் அவரோடு இருந்த தங்கச்சி நான்; நாலோடு நிற்க மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணர் மன்னார்த் தீவின் பேசாலையில் பிறந்தார். பள்ளிக்கூடத்தைவிடக் கூத்துக் கொட்டகையிலேயே கூடுதலாக இருந்தார். சண்டையில் ஊர் கலைந்தபோது, புதிதாய் மணமுடித்த மனைவியை, என் மச்சாளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு இத்தாலிக்கு வந்தார். பலெர்மோவில் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மா ஒருவரின், நோயாளிக் கணவரைக் குளிப்பாட்டி உடுத்தினார். மாசி, பங்குனியில் சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பிடுங்கினார். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காகக் காத்துக்கிடந்த கதையைச் சொல்லத் தேவையில்லை, இதை வாசிக்கிற எல்லாரும் காத்துக்கிடந்தவர்கள்தான்.

ஊரிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு சோடி வெண்கலத் தாளம். உள்ளங்கைக்குள் அடங்கும். ஆனால் ஞாயிறு தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவை நடத்தியது அதுதான். இரண்டு வட்டும் ஒரே சுருதிபோல் கேட்கும். ஒன்று மற்றதைவிட ஒரு மயிரிழை கூட. அதனால்தான் விளிம்பில் தட்டித் திறந்துவிட்டால் சத்தம் அலையடித்து நீளும். சேர்த்து மூடினால் அந்த இடத்திலேயே செத்துவிடும். பிள்ளைகள் பாட்டை இழுத்துக்கொண்டு ஓடினால் அண்ணர் தாளத்தை மூடிவிட்டு, "என்ன, பஸ்ஸைப் பிடிக்கப் போறியளோ?" என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொல்லாத கண்டிப்பு. பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடி மணிகள் ஓய்ந்தபின், யேசுவின் சாவை நினைத்து, சனி இரவு உயிர்ப்புப் பூசையில் அதே பாடல் வரும்வரை ஆலயத்தில் மணி ஒலிக்காது. தாளத்துக்கும் அதுதான் சட்டம் என்பார் அண்ணர். வெள்ளைத் துணியில் சுற்றி, தானே முடிச்சுப் போட்டு வைப்பார். வேறு யாரும் தொட்டால் தொலைந்தார்கள்.

போன ஆண்டுப் பெரிய வியாழனும் அப்படித்தான் கட்டிவைத்தார். மறுநாள் காலை கஞ்சிக்குத் தேங்காய் வாங்கப் பல்லரோச் சந்தைக்குப் போனவர், கடை வாசலில் சரிந்தார். மாரடைப்பு. நான் ஓடிப் போகுமுன்னே எல்லாம் முடிந்துவிட்டது.

மச்சாள் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில், அண்ணர் கூப்பிட்டு அனுப்பிய கடதாசியோடு இங்கே வரும் விசாவுக்காகக் காத்திருந்தார். தொலைபேசியில் அழுது முடித்து ஒன்றே ஒன்று கேட்டார். எங்கள் கூத்துக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. தாளக்காரர் இறந்தால், குழியருகில் அவருடைய தாளத்தை ஒருதரம் திறந்து தட்டுவார்கள். அந்தச் சத்தம் அடங்கியபிறகுதான் மண் போடுவார்கள்.

"என்னால வர ஏலாது. அந்தச் சத்தத்தையாவது போனில கேக்க விடுங்கோ" என்றார்.

அடக்கம் பெரிய சனி காலை. ஞாயிறும் திங்களும் கல்லறை பூட்டு. அதற்குமேல் வைத்திருக்க இடமில்லை என்றுவிட்டார்கள். பங்குச் சுவாமி, பாவம், நல்ல மனிதர். "இன்று பாட்டும் இல்லை, மணியும் இல்லை, மகளே" என்றார். "இது மணியில்லை பாதர், தாளம்" என்று வாதாடினேன். அவர் தாளப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இல்லையென்று தலையை ஆட்டினார். எங்கள் குழுவில் மூத்தவர் என்னை ஒதுக்குப்புறமாய்க் கூட்டிப்போய், "அண்ணரே விடமாட்டார் தங்கச்சி. அவர் கட்டினதை நாங்கள் அவிழ்க்கிறதோ?" என்றார். உண்மைதான். அதுதான் எனக்குத் தாங்கமுடியாத கோபம். யாரோடு சண்டை பிடிப்பேன்? சுவாமியோடா, பெட்டிக்குள் கிடக்கிற அண்ணரோடா?

குழியருகில் யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தட்டியாச்சோ?" என்றார் மச்சாள்.

"இல்லை மச்சாள். இண்டைக்குப் பெரிய சனியெல்லோ. தாளம் கட்டிக் கிடக்கு."

அவரும் பேசாலைக்காரிதான், விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. "ஆர் கட்டினது?" என்று கேட்டார்.

"அண்ணர்தான். வியாழக்கிழமை."

"அப்ப ஒருத்தரும் அவிழ்க்க வேண்டாம். நான் வந்து அவிழ்க்கிறன்."

கடைசியில் அவர் தொலைபேசியில் கேட்டது மண் விழுந்த சத்தம்தான்.

அவரால் வரமுடியவில்லை. கூப்பிட்டவர் இல்லையென்றால் கூப்பிட்ட கடதாசியும் செல்லாதாம். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் கெஞ்சினேன், அழுதேன், கத்தியும் பார்த்தேன். தோளைக் குலுக்கினார்கள். மச்சாள் மன்னாருக்கே திரும்பிப் போனார். ஊருக்குப் போகிற ஒருவரிடம் தாளத்தைக் கொடுத்துவிடவா என்று கேட்டேன். "வேண்டாம். வாறன் எண்டு சொன்னனானெல்லோ" என்றார்.

அன்று பல்லரோவில் அண்ணரின் தலையைத் தன் மடியில் தாங்கியிருந்த மரக்கறிக்காரிக்கும், பெட்டிக்குப் பூ வைத்த சிஞ்ஞோராவுக்கும், எங்களோடு கூட நின்று அழுத சுவாமிக்கும், தூரத்திலிருந்து செபித்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த ஆண்டு உயிர்ப்புப் பூசையில் ஆலயத்து மணிகள் எல்லாம் அடித்தபோது, பாடகர் மேடையில் கட்டியபடியே இருந்த அந்தப் பொட்டலத்தை அவிழ்க்கச் சொல்லி என்னைக் கேட்காத பாடகர் குழுவினர் ஒவ்வொருவருக்கும் நன்றி.